ஒரே வேலை, ஒரே சம்பளம், வேறு வேறு மனம்: சிறு வேலைத்தளத்தில் ஆளறிந்து வேலை கொடுக்கும் முறை

தைப்பொங்கல் லீவு முடிந்து வேலை தொடங்கும் நாளில் நாலு பேர் வரவில்லை என்றால், முதலாளிமார் வழமையாகச் செய்வது ஒன்றுதான்: எல்லாருக்கும் வரவுக் கொடுப்பனவில் ஆயிரம் ரூபா கூட்டுவார்கள். இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று பேர் நின்றுவிடுவார்கள். காசு போனது, ஆளும் போனது. கூட்டிய தொகை போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் நின்றவர்களில் சிலருக்குச் சம்பளம் ஒரு பிரச்சினையாகவே இருந்திராது. அதை யாரும் தனித்தனியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் 10 முதல் 60 பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. அரிசி ஆலை, தையல் நிலையம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள், பால் சேகரிப்பு நிலையம் எல்லாம் இதில் அடங்கும். தேவைப்படுபவை: கடந்த ஆறு மாத வரவுப் பதிவேடு, ஒரு கொப்பி, ஆளுக்கு ஏறத்தாழ 40 நிமிடம் (20 நிமிடம் கதைக்க, 20 நிமிடம் கீழே விளக்கும் கேள்வித்தாளுக்கும், எது முக்கியம் என்று காட்டும் புளியங்கொட்டைக்கும்), அதோடு கேட்டதில் ஒன்றையாவது செய்து கொடுக்கும் அதிகாரம். கடைசியாகச் சொன்னது உங்களிடம் இல்லையென்றால் தொடங்க வேண்டாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது, கேட்காமலே இருந்ததைவிட மோசமான பலனைத் தரும்.

முதலில் அடிப்படைகளைச் சரிபாருங்கள்

ஆளின் குணத்தை ஆராயப் போகுமுன் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் கழிக்கும் 8 வீதமும், நீங்கள் போடும் 12 வீதமும் மாதாமாதம் போய்ச் சேருகிறதா? ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் பங்கான 3 வீதம் போகிறதா? சம்பளம் சொன்ன திகதியில் வருகிறதா? குடிதண்ணீர், பெண்களுக்குத் தனி மலசலகூடம், கடைசி பஸ்ஸுக்கு முன் வேலை முடிவது எல்லாம் சரியா?

இவற்றில் ஓட்டை இருக்கும்போது கேள்வித்தாள் கொடுத்தால் வரும் பதில் எல்லாம் அந்த ஓட்டையைப் பற்றியதாகவே இருக்கும். அப்படியொரு இடத்தில் "இந்தப் பிள்ளைக்கு ஊக்கம் இல்லை" என்று எழுதுவது அநியாயம்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு எவ்வளவு தூரம் உண்மை

ஒரே மேசையில் ஒரே சம்பளத்துக்கு இருக்கும் இருவரில் ஒருவர் நிறைவோடும் மற்றவர் புழுங்கிக்கொண்டும் இருப்பதற்குக் குணமும் ஒரு காரணம் என்பது ஆய்வில் உறுதிப்பட்டது. 1985இல் ஸ்டோவும் ரோஸும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்து வருட இடைவெளியில் தொழிலும் முதலாளியும் மாறிய பிறகும்கூட ஆட்களின் வேலைத் திருப்தி ஓரளவு பழைய மட்டத்திலேயே நின்றது. 1989இல் ஆர்வியும் கூட்டாளிகளும், குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த 34 சோடி ஒத்த இரட்டையர்களை எடுத்துப் பார்த்தார்கள். திருப்தியில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 வீதம் பரம்பரையோடு சேர்ந்தது என்று கணித்தார்கள்.

இதைக் கேட்டவுடன் "அப்ப பிறவிக்குணம்தானே, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கை கழுவுகிறவர்கள் உண்டு. மிச்சம் 70 வீதத்தை அவர்கள் எண்ணவில்லை. 2002இல் ஜட்ஜ், ஹெலர், மவுண்ட் மூவரும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், எளிதில் பதறும் இயல்புக்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள தொடர்பு −0.29 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு; கழித்தல் குறி என்றால் ஒன்று கூடும்போது மற்றது குறையும்). கடமை ஒழுங்குக்கு 0.26, கலகலப்பான இயல்புக்கு 0.25, இணங்கிப்போகும் இயல்புக்கு 0.17, புதுமை நாட்டத்துக்கு வெறும் 0.02. ஐந்தையும் சேர்த்தால் 0.41. இந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால்தான் எவ்வளவு பங்கு விளங்கப்படுகிறது என்று தெரியும்: ஏறத்தாழ 17 வீதம். அது பார்க்காமல் விடக்கூடிய அளவும் இல்லை, அதை மட்டும் வைத்து ஆள் எடுக்கவோ நிறுத்தவோ கூடிய அளவும் இல்லை.

வன்னியில் இதற்கு மேல் ஒரு எச்சரிக்கை வேண்டும். பதற்றம், நித்திரையின்மை, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, ஆட்களை நம்பத் தயங்குவது போன்றவற்றை வெளியூர்ப் பாடப்புத்தகம் குணம் என்று வகைப்படுத்தும். 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்த ஒருவரிடம் அவை பட்டதன் தழும்பாக இருக்கலாம். வாராவாரம் நுண்கடன் கட்டும் ஒருவரிடம் அவை கடன் செய்யும் வேலையாக இருக்கலாம். ஆகவே குணத்தை அளக்கும் கேள்வித்தாள் எதையும் உங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்காதீர்கள். போர்க்காலம், புனர்வாழ்வு, காணாமல் போனவர்கள், சாதி, சமயம் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். ஆள் தானாகச் சொன்னால் கேளுங்கள், எழுதாதீர்கள். கீழே வரும் முறை முழுக்க, ஒருவர் வேலையில் எதைப் பெரிதாக நினைக்கிறார், அது அவருக்குக் கிடைக்கிறதா என்ற இரண்டையும் மட்டுமே தேடுகிறது.

வரவுப் பதிவேட்டை வாசித்தல்

ஆறு மாதப் பதிவேட்டை எடுத்து ஆளுக்கு ஒரு வரி போடுங்கள். முதலில், எல்லோருக்கும் பொதுவான லீவுகளைக் கழியுங்கள். காலபோக அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனி வரை போகும். காணி உள்ள வீட்டில் அந்த நாட்களில் லீவு எடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பங்குனியில் புளியம்பொக்கணைக் கோயில் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கோயில் பொங்கல், ஜூலை 2இலும் ஓகஸ்ட் 15இலும் மடு மாதா திருவிழா, பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சை நாள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றை "ஊக்கமின்மை" என்று எண்ணினால் ஆய்வு தொடக்கத்திலேயே பிழைத்துவிடும்.

கழித்த பிறகு மிஞ்சுவதில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, முன்பு நேரத்துக்கு வந்த ஆள் இப்போது பிந்துகிறாரா? வருடக்கணக்காகப் பிந்துகிறவரைவிட, அண்மையில் மாறியவர்தான் உங்கள் கவனத்துக்குரியவர். இரண்டு, கிழமையில் ஒரே நாள் திரும்பத் திரும்ப விழுகிறதா? செவ்வாய்க்கிழமை அரை நாள் என்றால் அன்று அந்தக் கிராமத்தில் கடன் சேகரிப்புக் கூட்டமாக இருக்கலாம், கிளினிக்காக இருக்கலாம். மூன்று, ஒரே மேற்பார்வையாளரின் கீழ் உள்ளவர்களின் லீவு மட்டும் கூடியிருக்கிறதா? அப்படியென்றால் ஆட்களை ஆராய வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கதையுங்கள்.

கதைத்தல்

"வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டால் "பரவாயில்லை சேர்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். இந்த நாலு கேள்வி போதும்:

"போன கிழமையில எந்த நாள் வீட்டுக்குப் போகேக்க மனம் லேசா இருந்தது? அண்டைக்கு என்ன நடந்தது?"

"எந்த நாள், நாளைக்கும் வரத்தான் வேணுமோ எண்டு யோசிச்சனீங்கள்?"

"சம்பளம் இதே அளவுதான் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. வேலையில ஒண்டை மாத்தலாமெண்டா எதை மாத்துவீங்கள்?"

"உங்கட தங்கச்சிக்கு ஒரு வேலை தேவையெண்டா இஞ்ச வரச் சொல்லுவீங்களோ?"

மூன்றாவது கேள்வியில் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்படிச் செய்யாவிட்டால் பெரும்பாலானோர் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஆனால் எல்லோரிடமும் ஒரே பதில் வந்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். சம்பளம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு புளியங்கொட்டை சொல்லும்.

பதிலை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு உதாரணம். தையல் நிலையத்தில் நாற்பது தாண்டிய ஒரு அக்காவிடம் முதல் கேள்வி போகிறது.

"செவ்வாய்க்கிழமை, சேர்."

"அண்டைக்கு என்ன நடந்தது அக்கா?"

"ஒண்டும் நடக்கேல்லை."

இந்த இடத்தில் பெரும்பாலானோர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். பத்து விநாடி சும்மா இருங்கள்.

"...அண்டைக்கு ஒருத்தரும் சத்தம் போடேல்லை."

தேடி வந்த விசயம் அதுதான். கொப்பியில் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "மேற்பார்வையாளருடன் முரண்பாடு" என்று உங்கள் மொழிக்கு மாற்றினால், இரண்டு மாதம் கழித்து வாசிக்கும்போது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியாது.

சந்திக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சம்பளம் கிடைக்கும் வேலை நேரத்திலேயே கதையுங்கள். சாப்பாட்டு நேரத்தையும், பஸ்ஸுக்கு வெளிக்கிடும் நேரத்தையும் தொடாதீர்கள். ஒரே உயரக் கதிரை இரண்டு போடுங்கள். ஆண் முகாமையாளர் பெண் ஊழியருடன் கதைக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், பார்வைபடும் தூரத்தில் இன்னொரு பெண் இருக்கட்டும். வயதில் மூத்தவரை அக்கா, அண்ணை, அம்மா, ஐயா என்றும், இளையவர்களைத் தம்பி, தங்கச்சி என்றும் கூப்பிட்டாலும் "நீங்கள்" மாறக்கூடாது. நேரடி மேற்பார்வையாளரோ, ஊழியரின் சொந்தக்காரரோ இதைச் செய்யக்கூடாது. வன்னியில் ஒரு கிராமத்திலிருந்து வருபவர்களில் பலர் ஏதோ ஒரு வழியில் உறவாகத்தான் இருப்பார்கள், ஆகவே யார் யாருக்கு என்ன முறை என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

தாளும் புளியங்கொட்டையும்

வேலைத் திருப்தியை ஐந்து பக்கங்களாகப் பிரித்து அளக்கும் முறை 1969இலிருந்து உலகெங்கும் பாவனையில் உள்ளது: வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, கூட வேலை செய்பவர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வசனம் எழுதி 15 வசனத் தாள் ஒன்றைச் செய்யுங்கள். "செய்து முடித்த வேலையைப் பார்க்கத் திருப்தியாக இருக்கிறது", "என் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எனக்குத் தெரியும்", "பிழை விட்டால் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்கள்", "நான் வராத நாளில் என் வேலையை மற்றவர்கள் முகம் சுழிக்காமல் பார்க்கிறார்கள்" என்ற மாதிரி, ஒரு வசனத்தில் ஒரு விசயம் மட்டும் இருக்கட்டும். "சம்பளமும் மேற்பார்வையும் நல்லது" என்று எழுதினால் எதற்கு ஆம் சொன்னார் என்று தெரியாது.

பதில் மூன்று வகை: ஆம், இல்லை, சொல்லத் தெரியாது. ஆம் என்றால் 3, இல்லை என்றால் 0, சொல்லத் தெரியாது என்றால் 1. நடுப்பதிலுக்கு ஒன்றரை கொடுக்காததற்குக் காரணம், தயங்குகிறவர்கள் திருப்தியான பக்கத்தைவிட அதிருப்தியான பக்கத்துக்கே கிட்ட நிற்பார்கள் என்று ஆய்வில் கண்டதுதான். ஒரு பக்கத்துக்கு உச்சம் 9, மொத்தம் 45. எதிர்மறை வசனம் வைத்தால் அதற்கு மட்டும் எண்ணை மாற்றிப் போட மறக்க வேண்டாம். கூட்டிப் பார்க்கும்போது ஒரு பக்கத்துக்கு 8 என்று வந்தால் கூட்டலில் பிழை. 0, 1, 3 என்ற எண்கள் மூன்றைக் கூட்டி 8 வரவே வராது.

பிறகு ஐந்து பக்கங்களையும் ஐந்து துண்டுத் தாளில் எழுதி மேசையில் பரப்பி, பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். "உங்களுக்கு எது முக்கியமோ அதுக்குக் கூட வையுங்கோ. ஒண்டும் வைக்காமலும் விடலாம்." அவர் வைக்கும்போது மேசையைப் பார்க்காதீர்கள். வைத்து முடித்ததும் ஒரு தரம் மாற்றலாம் என்று சொல்லுங்கள். எதை எடுத்து எதில் வைக்கிறார் என்பது முதலில் வைத்ததைவிடக் கூடச் சொல்லும்.

இனிப் படிப்பாளிகளும் விழும் ஒரு குழி உண்டு. கொட்டை எண்ணிக்கையைத் திருப்திப் புள்ளியால் பெருக்கி "நிறையிட்ட மொத்தம்" எடுக்க மனம் வரும். அப்படிப் பெருக்குவதால் மொத்தத் திருப்தியை மேலதிகமாகக் கணிக்க முடிவதில்லை. ஒருவர் முக்கியம் என்று நினைப்பது ஏற்கெனவே அவருடைய ஆம், இல்லையின் அழுத்தத்துக்குள் இருக்கிறது. ஆகவே பெருக்க வேண்டாம், இடைவெளியை மட்டும் பாருங்கள். நாலு அல்லது அதற்குக் கூடிய கொட்டை வைத்த பக்கத்தில் 3 அல்லது அதற்குக் குறைவு என்றால் முதலில் அதைத் தொடுங்கள். மூன்று கொட்டை வைத்த பக்கத்தில் 0 அல்லது 1 என்றாலும் அப்படியே. கொட்டையே வைக்காத பக்கம் பூச்சியமாக இருந்தாலும் இப்போதைக்கு விடலாம்.

ஒரே வரிசையில் தைக்கும் இருவரின் தாள் இப்படி வந்ததென்று வைத்துக்கொள்வோம். முதலாமவர், குடும்பத்தைத் தனியே நடத்தும் நாற்பத்தைந்து வயது அக்கா. வேலை 6, சம்பளம் 7, பதவி உயர்வு 3, மேற்பார்வை 1, கூட வேலை செய்பவர்கள் 7. மொத்தம் 24. கொட்டை: சம்பளம் 5, மேற்பார்வை 3, கூட உள்ளவர்கள் 2. இரண்டாமவர், உயர்தரம் முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. வேலை 3, சம்பளம் 6, பதவி உயர்வு 0, மேற்பார்வை 6, கூட உள்ளவர்கள் 9. மொத்தம் அதே 24. கொட்டை: பதவி உயர்வு 5, வேலை 3, சம்பளம் 2.

மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்று. தொடக்கத்தில் சொன்ன ஆயிரம் ரூபா இவர்கள் இருவரையும் தொடவே தொடாது. அக்காவுக்குச் சம்பளம்தான் மிக முக்கியம், ஆனால் அது ஏற்கெனவே ஏழில் நிற்கிறது. அவரை வேலையை விட்டு விரட்டப்போவது வரிசையில் எல்லார் முன்னும் விழும் சத்தம். பிள்ளைக்கு அடுத்த படி என்னவென்று யாரும் சொல்லவில்லை. அக்காவின் விசயத்தில் செய்ய வேண்டியது மேற்பார்வையாளரோடுதான்: பிழையைத் தனியே சொல்வது, பெயரோடோ முறை சொல்லியோ கூப்பிடுவது, அரைமணி நேர அனுமதிக்கு ஒழுங்கான ஒரு விதி. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பழக்கம் மாற்றுவது என்பதால் ஆயிரம் ரூபாவைவிடக் கடினம்.

வேலையையே மாற்ற வேண்டியவர்களும், மாற்றக்கூடாதவர்களும்

அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது? இங்கே ஹக்மன், ஓல்டம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் கொடுத்த கணக்கு உதவும். ஒரு வேலையை ஐந்து விதமாக ஒன்று முதல் ஏழு வரை அளக்கிறார்கள்: எத்தனை வகைத் திறமை தேவை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பொருளைத் தானே செய்கிறாரா, அந்த வேலையால் மற்றவருக்கு என்ன பயன், தானே தீர்மானிக்க எவ்வளவு இடம், எப்படிச் செய்தோம் என்று உடனே தெரிகிறதா. முதல் மூன்றின் சராசரியை நாலாவதாலும் ஐந்தாவதாலும் பெருக்க வேண்டும்.

நாள் முழுக்கக் கைப்பட்டி மட்டும் பொருத்தும் இருக்கையை எடுங்கள். வகை 2, முழுமை 2, பயன் 5. சராசரி 3. தீர்மானம் 2, தெரிதல் 3. பெருக்கினால் 18, உச்சம் 343. இப்போது புதிய இயந்திரம் ஒன்றும் வாங்காமல் இரண்டை மட்டும் மாற்றுங்கள்: கட்டுகளை எந்த ஒழுங்கில் எடுப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும் (2இலிருந்து 3), மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தன் எண்ணிக்கையையும் திரும்பி வந்த பிழைகளையும் தன் மேசை அட்டையில் தானே குறிக்கட்டும் (3இலிருந்து 5). 3 × 3 × 5 = 45. எண்ணிக்கை இரண்டரை மடங்கு. இந்தப் பெருக்கலுக்கு வெறும் கூட்டலைவிடப் பெரிய வலு இல்லை என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆகவே 45ஐ ஊக்கத்தின் அளவு என்று எடுக்காதீர்கள், எங்கே கை வைத்தால் கூட மாறும் என்று காட்டும் திசையாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டை அவர் மேசையில் இருக்கட்டும். சுவரில் தொங்கவிட்டால் அது அவருக்கான தகவலாக இல்லாமல் ஊருக்கான நோட்டீஸாகிவிடும்.

ஆனால் இந்த மருந்து எல்லோருக்கும் இல்லை. வளர வேண்டும், புதிதாகப் பழக வேண்டும் என்ற தேவை குறைந்தவர்களுக்கு இதே மாற்றம் அவ்வளவு பயன் தராது, சுமையாகவும் படலாம். அதைக் கண்டுபிடிக்கச் சோடிக் கேள்வி நல்லது. "சம்பளம் ஒண்டுதான். ஒரு பக்கம், புதுசா இரண்டு மெஷின் பழகவேணும், முதல் மாசம் பிழை வரும். மற்றப் பக்கம், தெரிஞ்ச வேலை, நேரத்துக்குப் போகலாம். எது?" இப்படி ஐந்தாறு சோடி கேளுங்கள்: புது ஆளைப் பழக்குவதா தன் வேலையை மட்டும் பார்ப்பதா, நாளுக்கு நாள் மாறும் வேலையா ஒரே வேலையா, கணக்குப் பொறுப்பா பொறுப்பில்லாத வேலையா. முன்னதை நாலு தரமாவது தெரிந்தெடுத்தவருக்கு வேலையை விரிவாக்குங்கள். பின்னதைத் தெரிந்தெடுத்தவரை நிம்மதியாக விடுங்கள். அந்த அக்கா ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்ப் பிள்ளையை ரியூசனிலிருந்து கூட்டிவர வேண்டும். அவருக்கு நேரம் தவறாத, தெரிந்த, ஒழுங்கான வேலைதான் நல்ல வேலை. அவரைக் குழுத்தலைவியாக்குவதைக் கௌரவம் என்று நீங்கள் நினைக்கலாம், அவர் தண்டனை என்று நினைப்பார். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்த பிறகு மறுபடி கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம்.

ஊக்குவிப்புக் காசு வேலை செய்யாதபோது

வ்ரூம் என்ற ஆய்வாளர் ஊக்கம் பற்றி 1964இல் சொன்ன சங்கிலிக்கு மூன்று கண்ணி: முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை, முடித்தால் சொன்னது கிடைக்கும் என்ற நம்பிக்கை, கிடைப்பது தனக்குப் பெறுமதியானது என்ற எண்ணம். ஒன்று பூச்சியமானாலும் முழுச் சங்கிலியும் பூச்சியம். ஆளுக்கு ஆள் அறுவது வேறு வேறு கண்ணியில்.

அரிசி ஆலையில் மூட்டைக் கணக்குக்கு மேலதிகக் காசு அறிவிக்கிறீர்கள். உலரப் போட்ட நெல் மழையில் நனைந்தால், கரண்ட் நின்றால், சல்லடை அடைத்தால் மூட்டை குறையும். அங்கே முதல் கண்ணி அறுந்தது. "போன மாசம் கணக்கு எட்டாததுக்கு என்ன காரணம்?" என்று கேட்டால் சிலர் எல்லாவற்றுக்கும் விதியைச் சொல்வார்கள், சிலர் எல்லாப் பிழையையும் தங்கள் தலையில் போடுவார்கள். வாழ்க்கை தன் கையில் என்று நம்புகிறவர்கள் பொதுவாக வேலையில் கூடிய திருப்தி காட்டுகிறார்கள் என்பது சரிதான். ஆனால் கரண்ட் நின்றது உண்மையென்றால், வெளிக்காரணம் சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். பதிலைக் குணம் என்று முடிவு கட்டுமுன் இயந்திரம் நின்ற நேரப் பதிவைப் பாருங்கள். நின்ற நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்ச நேரத்துக்கு மூட்டைக் கணக்குப் போட்டால், பாதிப் பேரின் "விதி" அந்த மாதமே குறைந்துவிடும்.

இரண்டாவது கண்ணி பெரும்பாலும் பழைய அனுபவத்தில் அறுந்திருக்கும். முன்பொரு இடத்தில் சொன்ன காசு கொடுக்கப்படாமல் போனவர் உங்களையும் நம்பமாட்டார். அதற்கு ஒரே வழி சிறிய தொகை, குறுகிய காலம்: கிழமைக் கடைசியில் கணக்குப் பார்த்து அன்றே கையில் கொடுப்பது. மூன்று மாதம் கழித்து வரும் பெரிய போனஸ் அவருக்கு வெறும் கதை. மூன்றாவது கண்ணிக்குக் காசுதான் வேண்டும் என்றில்லை. ஒருவருக்கு அறுவடைக்கு நாலு நாள் லீவு நிச்சயம் என்ற உறுதி பெறுமதியாக இருக்கும், இன்னொருவருக்குச் சைக்கிள் வாங்க வட்டியில்லா முற்பணம்.

பாராட்டும் அப்படித்தான். "மாதத்தின் சிறந்த ஊழியர்" என்று படம் ஒட்டும் பழக்கம் பல இடங்களில் வந்திருக்கிறது. கலகலப்பானவர்களுக்கு அது பிடிக்கும். கூச்சமுள்ளவருக்கு, அதுவும் ஊரெல்லாம் உறவாக இருக்கும் இடத்தில், அடுத்த நாள் கூட்டாளிகளின் சீண்டல்தான் மிஞ்சும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய ஒரு கடிதம் அவருக்குப் போதும்.

ஒப்பிடுகிறவர்கள், அரச நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள்

சம்பளம் குறைவு என்று ஒருவர் சொல்லும்போது யாரோடு ஒப்பிடுகிறார் என்று கேளுங்கள். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரோடா, கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் வேலை செய்யும் மச்சாளோடா, கனடாவில் உள்ள தமையனோடா? முதலாவதை மட்டும்தான் உங்களால் திருத்த முடியும். எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், ஆனால் சிறு வித்தியாசமும் சிலரைச் சுடும், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். சுடுகிறவர்களுக்காகவே சம்பளம் கணக்கிடும் விதியை எழுதி ஒட்டுங்கள்: அடிப்படை இவ்வளவு, சேவைக்கால வருடத்துக்கு இவ்வளவு, இரண்டாவது இயந்திரம் தெரிந்தால் இவ்வளவு. ஆட்களின் தொகையை ஒட்ட வேண்டாம்.

பட்டம் முடித்து அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் கூட்டுறவுக் கடையில் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருப்பது வன்னியில் அபூர்வமில்லை. அவருடைய தாளில் வேலை, பதவி உயர்வு இரண்டும் பூச்சியமாக வரும். அவரை நிரந்தரமாக்குவதாக ஆசைகாட்டி வைத்திருக்க முனைவது இரு பக்கமும் நட்டம். ஓய்வூதியத்தோடு போட்டி போட உங்களால் முடியாது. ஆறு மாதத்தில் முடியும் ஒரு வேலையை அவருக்கென்று ஒதுக்குங்கள்: இருப்புப் பதிவைக் கணினிக்கு மாற்றுவது, விலைப்பட்டியலை ஒழுங்காக்குவது. முடித்ததும் கையெழுத்திட்ட அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். நியமனம் வந்து அவர் போனாலும் பதிவு உங்களிடம் இருக்கும்.

எங்கெங்கே பிழைக்கும்

தாளைச் சம்பள நாளுக்கு அடுத்த நாளும், மாதக் கடைசிக் கிழமையிலும் கொடுக்காதீர்கள். முதலாவதில் எல்லாம் கூடி நிற்கும், இரண்டாவதில் எல்லாம் குறைந்து நிற்கும். மாதத்தின் நடுக் கிழமையே சரி.

எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுத் தருகிறவர்கள் இருப்பார்கள். பயம், மரியாதை, எழுத்து வாசிப்பில் தயக்கம் மூன்றில் எதுவும் காரணமாகலாம். அப்படியான தாளை நம்ப வேண்டாம், கொட்டையை மட்டும் பாருங்கள். பத்தையும் எங்கோ வைத்தாக வேண்டும் என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியாது. ஐந்து பக்கத்துக்கும் இரண்டிரண்டாக வைத்தால், பயம் இன்னும் போகவில்லை.

எட்டுப் பேருக்குக் குறைந்த குழுவின் சராசரியை மேற்பார்வையாளருக்குக் காட்டாதீர்கள். யார் என்ன சொன்னார் என்று அவர் அன்றே கண்டுபிடித்துவிடுவார்.

திருப்தி கூடினால் உற்பத்தி கூடும் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். 2001இல் ஜட்ஜும் கூட்டாளிகளும் திரட்டிய ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழ 0.30தான். ஆள் வேலையை விட்டு நிற்பது குறையும், லீவு ஓரளவு குறையும் என்று சொல்லுங்கள். சில மூட்டை கூட வந்தால் வரட்டும்.

ஒருவருக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றம் செய்து, ஆறு கிழமை விடுங்கள். இரண்டு பக்கங்களை ஒன்றாகத் தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆறு கிழமைக்குப் பிறகு அதே தாள், அதே பத்துக் கொட்டை, அதே ஆள் கேட்க வேண்டும். தொட்ட பக்கம் 3 புள்ளியாவது ஏறியிருந்தால் மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள். ஒன்று, இரண்டு ஏறியதை மாற்றமாக எண்ண வேண்டாம், ஒரே ஒரு "சொல்லத் தெரியாது" பக்கம் மாறினாலே அவ்வளவு வரும். இரண்டு சுற்று முடிந்தும் ஏறவில்லை, அதே பக்கம் வேறு பலரிடமும் குறைவாகவே நிற்கிறது என்றால் அது ஆளின் விசயம் இல்லை. கொப்பியை மூடிவிட்டு, பெயர்கள் இல்லாமல் அந்தப் பக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதி, முதலாளியிடமோ சங்கத்தின் பணிப்பாளர் சபையிடமோ கொண்டுபோங்கள். இரண்டாவது சுற்றின் ஆறாவது கிழமை அறுவடைக்குள் விழாதபடி தொடங்கும் திகதியைப் பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். காலபோகக் காணி உள்ளவர்கள் கூட இருக்கும் இடத்தில் சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வரும் முதல் முழு மாதம் வசதியானது.